லாயத்து ஈ லயத்துக்கு வந்தால்

கேள்வி: டொக்டர் ஐயா, நுவரெலியாவில் வாவிப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றுவது எங்கள் பிழைப்பு. மூன்று மட்டக்குதிரைகள் இருக்கின்றன. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் தகரம் போட்ட கொட்டகையில் கட்டுகிறோம். பாதி சீமெந்துத் தரை, பாதி மண். கீழே வைக்கோலும் மானாப்புல்லும் போடுவோம். சாணியைப் பின்பக்கம் குவித்து வைத்து, உரப்பையில் அள்ளுவோம். மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து ஏற்றிப் போவார். ஜனவரிக் குளிரில்கூட ஈ விடவில்லை. மார்ச் பிறந்ததிலிருந்து தாங்க முடியவில்லை. சோற்றுப் பானையைத் திறக்க முடியவில்லை என்று லயத்தில் தினமும் சண்டை. பி.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து ஒரு மாதத்தில் சரி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் லீக்ஸுக்கு அடிக்கும் பூச்சி மருந்தைச் சுவரில் அடித்தேன். நாலு நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடிதான். பெட்டைக் குதிரைக்கு முன்காலில் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. குதிரையின் மேல் அடிக்க நல்ல மருந்து எது? மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருக்கிறது, அதை அடிக்கலாமா?

– மட்டக்குதிரை வைத்திருக்கும் ஒருவர், நுவரெலியா

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் அடித்துவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். அடிக்காதீர்கள். மாட்டு உண்ணிக்கு விற்கும் மருந்துகளில் அமிட்ராஸ் என்று ஒன்று உண்டு. மாடு அதைத் தாங்கும், குதிரை தாங்காது. குடல் ஓட்டம் நின்று, உள்ளே தீவனம் இறுகி, வயிற்று வலியில் குதிரை தரையில் விழுந்து புரளும். உயிருக்கே ஆபத்தாகிவிடும். உங்கள் போத்தலில் இருப்பது அதுதானா வேறா என்று எனக்கு இங்கிருந்து தெரியாது. அதனால் போத்தலை எடுத்துத் தனியாக வையுங்கள், குதிரையின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

லீக்ஸ் மருந்து விஷயத்திலும் அப்படித்தான். நீங்கள் சுவரில் அடித்ததைக் குதிரை நக்கும். குதிரைக்கு மரக்கட்டையையும் சுவரையும் நக்குவதும் கடிப்பதும் பொழுதுபோக்கு என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பெய்தால் அந்த மருந்து கானுக்கு (வடிகாலுக்கு)ப் போகும், கான் எங்கே போகிறதென்று நுவரெலியாவில் எல்லாருக்கும் தெரியும். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷம். தொட்டியையும் தீவனப் பெட்டியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள், அந்தச் சுவர்ப் பக்கம் கொஞ்ச நாளைக்குக் கட்டாதீர்கள்.

சரி, இனி ஈக்கு வருவோம். (யாழ்ப்பாண நண்பர்கள் இலையான் என்பார்கள். பேராதனையில் மிருக வைத்தியம் படித்தபோது ஒரே அறையில் இருந்த நாங்கள் ஈயா இலையானா என்று அடித்துக்கொண்டதில், ஈ பாட்டுக்கு எங்கள் சீனிப் போத்தலுக்குள் போய்விடும்.)

படித்து முடித்து இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, ஏப்ரல் சீசனுக்கு முன்னால் ஒரு லாயத்துக்கு என்னை அழைத்தார்கள். பந்தயத்துக்கு வந்த குதிரைகள், உங்கள் கொட்டகையைப் போல ஆறு கொட்டகை கொள்ளும் அளவு பெரிய இடம். ஈ மொய்த்துக் கிடந்தது. நான் புது டொக்டர், கையில் புது மருந்து. சுவர், உத்தரம், கூரை என்று எல்லா இடத்திலும் அடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் ஒரு ஈ இல்லை. முதலாளி போன் பண்ணிப் புகழ்ந்தார். பதினோராம் நாள் அவரே மறுபடி போன் பண்ணி, டொக்டர், உங்கள் மருந்தைக் குடித்து ஈ கொழுத்துவிட்டது என்றார்.

வெட்கத்தோடு திரும்பிப் போனேன். அங்கே வயதான குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். துரைமார் குதிரையில் மலை சுற்றிய காலத்தில் அவருடைய தகப்பன் ஒரு தோட்டத்தில் குதிரைக்காரனாக இருந்தவராம். அவர் என்னிடம் ஒன்றும் வாதாடவில்லை. வாங்க ஐயா என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஆள் உயரத்துக்குச் சாணிக் குவியல். மம்பட்டியால் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, கையை வைத்துப் பாருங்க என்றார். மேல்தோல் வாடைக் காற்றில் சில்லிட்டுக் கிடந்தது. நாலு விரல் உள்ளே போனால் அப்போதுதான் கல்லில் இருந்து எடுத்த ரொட்டியைப் போல இளஞ்சூடு. முழங்கை அளவு உள்ளே போனபோது கையை வைத்திருக்க முடியவில்லை, இழுத்துக்கொண்டேன். அந்த இளஞ்சூட்டு அடுக்கில் மட்டும் வெள்ளைப் புழு நெளிந்துகொண்டிருந்தது, அரிசி கொட்டினாற்போல. மேலே குளிரிலும் இல்லை, உள்ளே கொதியிலும் இல்லை.

நுவரெலியாக் குளிரில் ஈ எப்படி என்று கேட்டீர்களே, விடை அங்கேதான் இருந்தது. நம் ஊர் கடல் மட்டத்துக்கு 1868 மீற்றர் மேலே இருக்கிறது. சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். இந்தக் குளிரில் வெட்டவெளியில் ஈ முட்டை வளர்ந்து ஈயாக ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். கொழும்பு வெயிலில் ஒரு கிழமை, பத்து நாள். ஆனால் சாணிக் குவியல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. உள்ளே மக்கும்போது நடுவில் 60 பாகை வரை ஏறும், ஓரத்தில் முப்பதோ முப்பத்தைந்தோ இருக்கும். உங்கள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்னக் கொழும்பையே குவித்து வைத்திருக்கிறீர்கள், தம்பி. ஊர் குளிரில் நடுங்க, ஈ அங்கே வெயில் காய்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன்: மரக்கறித் தோட்டக்காரர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். அங்கேதான் பிழை. ஒரு ஈ ஒரு தடவையில் நூறு, நூற்றைம்பது முட்டை வரை இடும். ஒரு நாளில் முட்டை பொரிந்துவிடும். குவியலின் சூட்டில் புழு ஒரு கிழமைக்குள் வளர்ந்து, காய்ந்த இடம் தேடி ஊர்ந்து வெளியே வரும். சாக்குக்கு அடியில், சுவர் ஓரத்தில், மண் வெடிப்பில் போய்க் கூடு கட்டிக்கொள்ளும். சிவப்பரிசி போல இருக்கும் அந்தக் கூடு, அதைவிடக் கொஞ்சம் பருமன். இன்னும் சில நாளில் ஈயாகப் பறக்கும். ஆக, பதினாலாம் நாள் லொறி வரும்போது உங்கள் முதல் கிழமைச் சாணியில் பிறந்த ஈ லயத்துச் சோற்றுப் பானையில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஈயை வளர்த்து ஊருக்குக் கொடுத்துவிட்டு, எருவை மட்டும் தோட்டக்காரருக்குக் கொடுக்கிறீர்கள்.

அளவையும் பாருங்கள். மட்டக்குதிரை ஒன்று நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோ சாணி போடும். மூன்று குதிரைக்கு நாற்பது கிலோ என்று வையுங்கள். இரண்டு கிழமையில் அரைத் தொன்னுக்கு மேலே.

நாளைக் காலையில் கொட்டகையில் ஒரு சாக்கையோ பழைய பலகையையோ புரட்டிப் பாருங்கள். சிவப்பரிசிக் கூடு கைப்பிடிக் கணக்கில் கிடந்தால், வரப்போகும் கிழமையின் ஈ அது. மருந்து அடிக்க வேண்டாம், கூட்டி அள்ளி அடுப்பில் போடுங்கள். இந்த ஒரு வேலையே பலருடைய கண்ணைத் திறந்திருக்கிறது.

இனி என்ன செய்வது? சாணி ஏழு நாளுக்கு மேல் ஈக்குக் கிடைக்கக் கூடாது. இதுதான் முழு வைத்தியமும், மற்றதெல்லாம் இதற்கு எடுபிடி. தோட்டக்காரரைக் கிழமைக்கு ஒருமுறை வரச் சொல்ல முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. லொறிச் செலவு கட்டாது என்று அவர் சொன்னால் (சொல்வார்), இரண்டு வழி இருக்கிறது.

வெயில் இருக்கும் நாளில் காய வையுங்கள். ஈ முட்டைக்கு ஈரம் வேண்டும். அன்றாடச் சாணியை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பிவிட்டால் ஜனவரி, பெப்ரவரி வெயிலில் ஒன்றிரண்டு நாளில் காய்ந்து உதிரும், முட்டையும் சேர்ந்து செத்துப்போகும். ஆனால் குதிரை மேயும் புல்லில் பரப்பக் கூடாது. சாணியில் இருக்கும் குடற்புழுவின் குஞ்சு புல்லில் ஏறி, மறுபடி குதிரை வயிற்றுக்கே போகும்.

ஏப்ரலில் பின்னேரம் பின்னேரம் இடியோடு மழை, ஜூனில் கேட்கவே வேண்டாம். அப்போது மூடுவதுதான் வழி. ஒரு மீற்றர் உயரம், அகலம், நீளம் வருகிற மாதிரி நெருக்கிக் குவியுங்கள். அதைவிடச் சின்னதாக இருந்தால் சூடு ஏறாது. மேலே கறுப்புப் பொலித்தீன் போட்டு, விளிம்பைச் சுற்றி மண் போட்டு மிதித்துவிடுங்கள், ஓட்டை கூடாது. இப்போது குளிர்ந்த மேல்தோல் இல்லை, ஓரமும் சுடும், புழுவுக்குத் தங்க இடம் இல்லை. 50 பாகைக்கு மேல் அது பிழைக்காது. கிழமைக்கு ஒருமுறை திறந்து, ஓரத்துச் சாணியை எரு அள்ளும் முள்ளால் நடுவுக்குப் புரட்டிவிட்டு மறுபடி மூடுங்கள். இப்படி இரண்டு குவியல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று நிறைகிறது, ஒன்று வேகிறது. இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசம் வரும் கறுப்பு எரு கிடைக்கும். கரட் போடுகிறவர்கள் பச்சைச் சாணியைவிட இதற்குத்தான் நல்ல விலை தருவார்கள்.

உரப்பையில் வாய் திறந்து அடுக்கி வைப்பது இதற்குள் வராது. அந்தப் பை பின்னல் பை, புழு வெளியே வரும், ஈ உள்ளே போகும். பையில்தான் வைக்க வேண்டும் என்றால் உள்ளே பொலித்தீன் பை போட்டு, வாயை இறுக்கிக் கட்டுங்கள்.

கொட்டகைக்குள் வருவோம். இங்கேதான் நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். குதிரை காலை உதைக்கிறதா? வெயில் ஏறி, பத்து மணி வாக்கில், ஒரு நிமிஷம் நின்று எண்ணிப் பாருங்கள். தலையை ஆட்டிக்கொண்டு, கண் ஓரத்தில் ஈ மொய்க்க நின்றால் அது வீட்டு ஈ. கடிக்காது, கண்ணீரையும் எச்சிலையும் நக்கும். காலைத் தூக்கித் தூக்கித் தரையில் அடித்தால் அது வேறு ஈ, லாயத்து ஈ என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் பார்க்க இரண்டும் ஒன்றுதான். கிட்டப் போய்ப் பாருங்கள்: முழங்காலுக்குக் கீழே, தலை மேலே இருக்கும்படி உட்கார்ந்திருக்கும். முகத்துக்கு முன்னால் ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் பெண் இரண்டும் இரத்தம் குடிக்கும். நுளம்பில்கூட ஆண் சைவம்தான், இதில் அதுவும் இல்லை. உங்கள் காற்சட்டைக்கு மேலாகவே கடிக்கும்.

குதிரை மேல் அடிக்கும் மருந்தை நான் ஏன் கடைசியில் வைக்கிறேன் என்பதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. இந்த லாயத்து ஈ ஒரு நாளில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, சில நிமிஷம்தான் குதிரையின் மேல் உட்காரும். வயிறு நிறைந்ததும் போய் வெயில் படும் சுவரிலோ வேலிக் கம்பிலோ உட்கார்ந்து செரிக்கும். நீங்கள் குதிரையின் காலில் மருந்து தடவி, குதிரை ஈரப் புல்லில் நாலு எட்டு வைத்தால் மருந்தும் போய்விடும்.

இது பிறக்கும் இடமும் வேறு. வீட்டு ஈக்குச் சாணியே போதும். லாயத்து ஈக்கு மூத்திரத்தில் ஊறிய வைக்கோலும், சாணி கலந்த புல்லும், அழுகிய மரக்கறியும்தான் பிடித்த இடம். உங்கள் மண் தரைப் பாதியில், குதிரை வழக்கமாக மூத்திரம் பெய்யும் மூலையை முள்ளால் கிளறிப் பாருங்கள். மேலே மானாப்புல் காய்ந்து அழகாக இருக்கும், அடியில் கறுத்து, மூக்கைத் துளைக்கும். மேலே மேலே புதுப் புல் போடுவது பாயை விரித்துக் குப்பையை மறைப்பது போலத்தான். அந்த ஈரத்தைத் தினமும் எடுக்க வேண்டும், மூலை முடுக்கு எல்லாம் கிழமைக்கு ஒருமுறை தரை தெரியச் சுரண்ட வேண்டும். இதன் குஞ்சு வளர மூன்று கிழமை வரை ஆகும், அதனால் கிழமைக்கு ஒரு சுரண்டல் தாராளம்.

முடிந்தால் வைக்கோலை விட்டு மரத்தூளுக்கு மாறுங்கள். மரம் அரியும் ஆலையில் கேட்டால் மூட்டையாகத் தருவார்கள். மரத்தூளில் இந்த ஈ அவ்வளவாக வளராது, ஈரமும் எங்கே இருக்கிறதென்று நிறத்திலேயே தெரியும். தூசி பறக்கும் மெல்லிய தூள் வேண்டாம், சுருள் சீவலாக இருந்தால் குதிரையின் மூச்சுக்கு நல்லது. மண் தரையைச் சரிவாக்கி, கல் போட்டு இடித்து, ஒரு சின்னக் கான் வெட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். சீமெந்து போடக் காசு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். சுண்ணாம்புத் தூளைக் கொட்டினால் ஈ போகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மூத்திரத்தோடு சேர்ந்து கண்ணைக் கரிக்கும் வாயுவைத்தான் கிளப்பும், குளம்பையும் அரிக்கும். அடுப்புச் சாம்பலை ஈரத்தில் தூவிக் கூட்டி அள்ளுங்கள், அது போதும்.

தீவனத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நுவரெலியாவில் மட்டக்குதிரை என்ன தின்னும் என்று எனக்குத் தெரியும். தவிடு, கழிவுக் கரட், கரட் தழை, சிலநேரம் கோவா இலை. (கோவா வாயு வைக்கும், நிறையப் போடாதீர்கள்.) பெட்டிக்கு வெளியே சிந்திய தவிடும், மூலையில் அழுகும் கரட்டும் லாயத்து ஈக்குத் தொட்டில். அப்புறம், கோழியை லாயத்தில் மேய விட்டால் புழுவைக் கிளறித் தின்னும் என்பது உண்மைதான், நல்ல யோசனைதான். ஆனால் கோழித் தீவனத்தைக் குதிரை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சில கோழித் தீவனத்தில் கலக்கும் ஒரு மருந்து கோழிக்கு நல்லது, குதிரையின் இருதயத்தை நிறுத்திவிடும். கொஞ்சம் தின்றாலே போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு உங்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லா ஈயும் உங்கள் குதிரையுடையது என்று யார் சொன்னது? வீட்டு ஈ ஒன்றிரண்டு கிலோமீற்றர் சாதாரணமாகப் பறக்கும். மரக்கறித் தோட்டத்துக்கு லொறியில் வரும் பச்சைக் கோழி எருவை நினைத்துப் பாருங்கள். மூட்டையைப் பிரித்துப் பாத்தியில் பரப்பி, மழை இரண்டு நாள் பெய்தால், அந்தச் சரிவு முழுக்க ஈ எழும்பும். பக்கத்தில் கோழி எரு போட்ட தோட்டம் இருந்தால், போட்ட நாளைக் குறித்து வையுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஈ கூடினால் அது உங்கள் கணக்கில் சேராது. அதைத் தோட்டக்காரரிடம் சண்டையாகப் பேசாமல், எருவைப் பொலித்தீனால் மூடி வேகவைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். உங்கள் சாணியை எடுக்கிறவரே அவராகவும் இருக்கலாம். லயத்துக் கக்கூசுக் குழி மூடியிருக்கிறதா, குப்பை எங்கே போகிறது என்பதையும் பி.எச்.ஐ. வரும்போது நீங்களே கேளுங்கள்.

லாயத்துக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு துணைக்கால்தான் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. வெள்ளைக்காரன் லைன் என்று சொன்னதை நாம் லயம் ஆக்கிக்கொண்டோம், அவனுடைய குதிரைக்கு லாயம். யாருடைய கொட்டகை நன்றாக இருந்தது என்ற கதையை இன்னொரு நாள் பேசுவோம். உங்கள் விஷயத்தில் அந்தத் துணைக்காலின் நீளம் பத்தடி. கொட்டகையை இருநூறு அடி தள்ளிக் கட்டினாலும் ஈ வரும், அதனால் இடம் மாற்றச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டுச் செலவு செய்யாதீர்கள். குவியலை மட்டும் லயத்துச் சமையல் பக்கத்திலிருந்து எட்டத்துக்கு, காற்று எதிர்த் திசையில் போகும் இடத்துக்கு மாற்றுங்கள்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாணி வேலை ஒழுங்காக நடக்கத் தொடங்கி இரண்டு கிழமைக்குப் பிறகும் பறந்துகொண்டிருக்கும் ஈயைக் குறைக்க, லாயத்துக்கு என்றே லேபலில் எழுதிய மருந்தை ஒரு தடவை அடிக்கலாம். ஈ இராத்தங்கும் உத்தரத்திலும் கூரை அடியிலும், லாயத்து ஈ வெயில் காயும் வெளிச் சுவரிலும் மட்டும். குதிரையை வெளியே கட்டி, சுவர் காய்ந்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். இந்த வகை மருந்துகளில் பல பூனைக்கு விஷம், மீனுக்கு அதைவிட விஷம். மிச்சத்தைக் கானில் ஊற்றாதீர்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சாகாமல் தப்பியதன் பிள்ளைகள்தான் ஊரை நிறைக்கும். நீங்கள் அடித்து நாலு நாள் கழித்து ஈ வந்ததற்கு அது காரணம் இல்லை, அது குவியலில் இருந்து புதிதாகப் பிறந்தது. ஆனால் இப்படியே அடித்துக்கொண்டிருந்தால் அதுவும் நடக்கும்.

இன்னொன்று. ஈக் கூட்டுக்குள் முட்டையிட்டு, ஈ வெளியே வராமல் தின்றுவிடும் ஒரு குளவி உண்டு. குளவி என்றதும் பதற வேண்டாம், கொழுந்து மலையில் ஆளைத் துரத்திக் கொட்டுவது அல்ல. எறும்பைவிடச் சின்னது, மனிதரைத் தீண்டாது. காய்ந்த சாணி இருக்கும் லாயத்தில் தானாகவே வரும். குவியலின் மேல் மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். குவியலில் மட்டும் ஒருபோதும் அடிக்காதீர்கள்.

போத்தல் பொறி வைப்பதானால் வையுங்கள்: பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, உள்ளே கொஞ்சம் சீனித் தண்ணீரும் மீன் கழிவும். கொட்டகைக்குள் தொங்கவிட்டால் ஊர் ஈயை எல்லாம் விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும். முப்பது நாற்பது அடி தள்ளி வையுங்கள். இதில் வீட்டு ஈதான் விழும், இரத்தம் குடிக்கிறதுக்கு மீன் வாசம் ஒரு பொருட்டில்லை. சிட்ரனெல்லா எண்ணெய் தடவினால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும், வாவிப் பக்கம் சவாரிக்குப் போகும்போது உதவும். முதலில் தோளில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குத் தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள், கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பின்னேரம் பச்சை இலை போட்டுப் புகை மூட்டுவது நுளம்புக்குச் சரியாக இருக்கலாம். ஈ பகலில் பறப்பது, பின்னேரம் கூரையில் தூங்கப் போய்விடும், புகை குதிரையின் நெஞ்சுக்குத்தான் போகும். வாலையும் நெற்றி மயிரையும் அழகுக்காகக் கத்தரிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சாமரத்தை வெட்டிவிட்டு விசிறி தேடுவானேன்?

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கண்ணை நம்பாதீர்கள், சண்டை போட்ட அன்றைக்கு ஈ அதிகமாகத்தான் தெரியும். பழைய கலண்டர் மட்டையின் வெள்ளைப் பக்கத்தில் கையகலத் துண்டு வெட்டி, கொட்டகை உத்தரத்தில் ஈ உட்காரும் இடத்தில் ஒன்றும், லயத்துப் பக்கத்தில் ஒன்றும் ஆணியில் மாட்டுங்கள். ஈ உட்கார்ந்து எச்சில் புள்ளி வைக்கும். ஏழு நாள் கழித்துப் புள்ளியை எண்ணி, திகதி எழுதி, புது அட்டை மாட்டுங்கள். ஒரு கிழமையில் நூறுக்கு மேல் புள்ளி என்றால் ஈ கட்டுக்குள் இல்லை. முதல் அட்டை கறுத்துத்தான் இருக்கும். ஏற்கெனவே கூட்டுக்குள் இருப்பது பறந்து தீர வேண்டும், அதனால் முதல் இரண்டு கிழமைக்குப் பெரிய மாற்றம் தெரியாது. மூன்றாம், நாலாம் அட்டையைப் பாருங்கள். பி.எச்.ஐ. கொடுத்த ஒரு மாதம் அதற்குக் கணக்காகத்தான் இருக்கிறது. அவர் வரும்போது நாலு அட்டையையும் வரிசையாக வைத்துக் காட்டினால், நீங்கள் பேசுவதைவிட அது நன்றாகப் பேசும்.

புண்ணைக் கடைசிக்கு விட்டதால் அது சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குதிரையின் வயிற்றில் ஒரு புழு உண்டு. அதன் குஞ்சு சாணியில் வெளியே வந்து, சாணியில் வளரும் ஈப் புழுவுக்குள் புகுந்துகொள்ளும். அந்த ஈ பெரிதாகி, குதிரையின் உதட்டில் உட்கார்ந்தால் குஞ்சு வயிற்றுக்குத் திரும்பிப் போகும், சுற்று முடிந்தது. புண்ணில் உட்கார்ந்தால் வழி தவறி அங்கேயே இறங்கும். பிறகு அந்தப் புண் ஆறாது. சிவந்து, சதை பொங்கி, உள்ளே மஞ்சள் குருணை போலக் கட்டி கட்டியாக இருக்கும், குதிரை பல்லால் கடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் பெட்டைக்கு அப்படித்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் வேறு கட்டியாகவும் இருக்கலாம், எழுத்தில் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. மருந்து உண்டு, வாய்வழியாக, குதிரையின் எடைக்கு அளந்து கொடுப்பது. மாட்டுக்குப் போடும் ஊசியை வாங்கிக் குத்திவிடாதீர்கள், குத்திய இடம் வீங்கி அழுகிய குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். வைத்தியர் பார்க்கும்வரை புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் தளர்வாகக் கட்டி, ஈ உட்காராமல் வையுங்கள்.

இந்தக் கிழமையே பக்கத்து அரசாங்க மிருக வைத்தியரிடம் சொல்லிக் குதிரையைக் காட்டுங்கள். அவர் வரும்போது அந்த உண்ணி மருந்துப் போத்தலையும், லீக்ஸ் மருந்துப் போத்தலையும் எடுத்து முன்னால் வையுங்கள். லேபல் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.